பின் சக்கரத்து எண்ணெய்

பஸ்ஸை வீடாக்கிக் குடியிருக்கிறேன் என்று யாராவது பட்டறைக்கு வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓடுவதற்கென்று செய்த சாமானைப் பிடித்து நிறுத்தி, உள்ளே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஜன்னலுக்குத் திரை கட்டி, கடைசியில் "அடியில ஏதோ சொட்டுதுங்க" என்று வந்து நிற்பார்கள். சொட்டாமல் என்ன செய்யும்? வாழ்நாளெல்லாம் ஆள் ஏற்றி இறக்கி ஓய்ந்துபோன வண்டி. அதன் முதுகில் ஒரு குடித்தனத்தையே ஏற்றினால் எங்கேயாவது ஒழுகத்தான் செய்யும். வருகிறவர்களை நன்றாக நாலு வாங்கு வாங்கிவிட்டுத்தான் நான் வேலையில் கை வைப்பேன். பட்டறைத் தெருவில் எனக்கு முன்கோபி என்றே பேர். ஆனால் சொந்தத் தங்கையின் புருஷனே அப்படியொரு பஸ்ஸோடு வந்து வாசலில் ஹாரன் அடித்தால் யாரைப் போய்த் திட்டுவது?

மாப்பிள்ளை வெல்டர். பாலம் கட்டுகிற இடம், பெரிய தொட்டி எழுப்புகிற இடம் என்று ஊர் ஊராக வேலை. ஒரு இடத்தில் சில மாதம், பிறகு வேறு இடம். போகிற இடமெல்லாம் வாடகை அறை; சாமான் சட்டியை அவிழ்த்து அடுக்கி முடிப்பதற்குள் மறுபடி கட்ட வேண்டும். பாதி இடங்களில் வேலை முடிவதற்கு முன்பே வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார். என் தங்கை இதில் நொந்து நூலாகிப்போயிருந்தாள். அதனால்தான் அவர் ஏலத்தில் ஒரு பழைய பஸ்ஸை எடுத்து, இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ராப்பகலாக வெல்டு வைத்து அதை வீடாக்கினார். பொய் சொல்லக் கூடாது, வேலை அருமையான வேலை. மடக்குக் கட்டில், இழுப்பறை, தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, அவர்கள் மகள் பாப்பாவுக்கு ஜன்னலோரம் படிக்க ஒரு பலகை. எல்லாம் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இனிமே எவனும் என்னைக் காலி பண்ணச் சொல்ல முடியாதுண்ணா" என்றாள் தங்கை. அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. உடனே அடுத்த வாக்கியம், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு என்றாள். பஸ்ஸில் ஏறச் செருப்பைக் கழற்றிய ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். அவள் சின்ன வயசிலிருந்தே அப்படி. ஒரு பொட்டுத் தூசு ஆகாது. தலைவாரிய சீப்பைக் கழுவி வெயிலில் காயவைக்கிற ஜாதி.

அவர்கள் வந்த காரணம் இடது பின் சக்கரம். டயரின் உள்பக்கமாக எண்ணெய் வழிந்து கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. ஆயில் சீல் போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆயில் சீல் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. சின்னத் தட்டு அளவுக்கு ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். ஆக்ஸிலுக்குள் இருக்கிற எண்ணெய் சக்கரத்தின் பக்கம் வராமல் அது பிடித்துக்கொள்ளும். அது தேய்ந்தால் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் இறங்கும். டிரம்முக்குள் இறங்கிவிட்டால், சக்கரத்தை உரசி நிறுத்துகிற லைனர் ஊறிப்போகும். ஊறிப்போன லைனர் பிரேக்கைப் பிடிக்காது. சமதரையில் சமாளித்துவிடலாம். இறக்கத்தில் அந்தச் சக்கரத்தின் வேலையையும் மற்ற சக்கரங்கள் சேர்த்துச் செய்து, சூடேறி, அவையும் கைவிட்டுவிடும். இதை நான் மாப்பிள்ளையிடம் படித்துப் படித்துச் சொன்னேன். சீலையும் லைனரையும் மாற்றி அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். அதே சக்கரம், அதே கோடு. எனக்கு மானம் போனது மாதிரி இருந்தது. அடியில் படுத்து ஆக்ஸில் முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஆக்ஸிலின் மேல் விரல் நுனி அளவுக்கு ஒரு மூச்சுத் துளை இருக்கும். ஓடும்போது உள்ளே சூடாகிற காற்று அது வழியாக வெளியேறும். அந்தத் துளை இருந்த இடமே தெரியவில்லை. வீடு துருப்பிடிக்கக் கூடாது என்று மாப்பிள்ளை அடிப்பகுதி முழுக்கத் தார் பூசியிருந்தார். அந்தத் துளைக்கும் சேர்த்து ரெண்டு கோட்டிங். காற்றுக்குப் போக வழியில்லை, அது எண்ணெயை சீலின் வழியாகத் தள்ளியிருக்கிறது. பஸ்காரன் எவனும் செய்ய மாட்டான். வீடு கட்டுகிறவன்தான் செய்வான்.

"மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா நீங்க ஓடுவீங்களா மாப்ள?" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தார். அவருடைய சுபாவம் அப்படி. நான் எவ்வளவு கத்தினாலும் முடிந்தபிறகு ஒரு டீ வாங்கி வந்து என் பக்கத்தில் வைப்பார்.

தாரைச் சுரண்டித் துளையைத் திறந்துவிட்டேன். ஆனால் சீல் உட்கார்கிற இரும்பில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நகத்தை வைத்தால் தட்டுப்பட்டது. பழைய வண்டி, அத்தனை வருசம் ரப்பர் உரசிய இடம். அதற்கு லேத்தில் கொடுத்து ஒரு வளையம் கடைந்து மேலே ஏற்ற வேண்டும். அதுவரைக்கும் பஸ் ஜாக்கியில் நிற்க வேண்டும். அதை நான் சொன்னதும் தங்கை முகம் சுருங்கிவிட்டது. எங்கள் வீட்டில் வந்து இரு என்றேன், என் மனைவியும் கூப்பிட்டாள். தங்கைக்கு வரக்கூடாது என்றில்லை. மலைமேல் ஒரு தொட்டி வேலை காத்திருந்தது. இந்த வாரம் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். இந்த ஒரு வேலை முடியட்டும் மச்சான், இறங்கி வந்ததும் வண்டியை உங்களிடமே விட்டுவிடுகிறேன் என்றார் மாப்பிள்ளை. நானும் தலையை ஆட்டினேன்.

லைனரையும் மாற்றி, புது சீலை இன்னொரு தடவை போட்டேன். எவ்வளவு பதமாகப் போட முடியுமோ அவ்வளவு பதமாக. போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னேன். தினமும் காலையில் டார்ச்சை அடித்து அந்த டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள். காய்ந்திருந்தால் வண்டியை எடுக்கலாம். ஈரம் தெரிந்தால் ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது, எனக்குப் போன் பண்ணுங்கள், நானே கிளம்பி மேலே வருகிறேன். அவர் தட்டாமல் கேட்டுக்கொண்டார். தங்கை அந்த நேரம் உள்ளே பாப்பாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

சொன்னபடி நடந்துகொண்டார் மனுஷன். காலையில் போன் வரும். "காஞ்சு கிடக்கு மச்சான். உங்க கை ராசி." எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பள்ளம் விழுந்த இரும்பிலேயே நிற்கிற மாதிரி சீல் போட்டிருக்கிறேன் என்று லேத்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அவர்கூட, அப்படியெல்லாம் சீல் நிற்காதுப்பா, எதற்கும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடு என்றார். எனக்குத் தெரியாதா என்று அவர் வாயை அடைத்தேன்.

மழை விட்டதும் மேலே வேலை முடிந்தது. பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகத் தங்கை அவளைக் கூட்டிக்கொண்டு வண்டி இறங்குகிற அன்றைக்கு விடிகாலை முதல் பஸ்ஸிலேயே கீழே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை பஸ்ஸை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகப் பேச்சு. கிளம்புகிற காலையிலும் போன் வந்தது. காய்ந்திருக்கிறது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றார். தங்கை அவருக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.

வந்தது ரோட்டுவேலைக்காரர் ஒருவரின் போன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை எடுத்துப் போயிருந்தார்கள். பஸ் வளைவைத் தாண்டிப் பள்ளத்தில் கிடந்தது. பக்கவாட்டுத் தகடு பிளந்து, வீடு முழுக்கச் சரிவில் கொட்டிக்கிடந்தது. தங்கையின் புடவைகள் செடிகளின்மேல், குக்கர் ஒரு பாறை இடுக்கில், பாப்பாவின் ஒரு ஷூ. யாரோ ரெண்டு பேர் இறங்கி, பாத்திரங்களைப் பொறுக்கி ஒரு ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள். ஆனால் அந்தப் பாத்திரங்களை அப்படி வரிசையாகப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு பஸ்ஸைக் கிரேனில் தூக்கிவந்து ஒரு மைதானத்தில் போட்டார்கள். வண்டிப் பரிசோதகர், கடைசியாக வேலை பார்த்த மெக்கானிக் என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். அமைதியான மனிதர், என் வயசு இருக்கும். சேர்ந்தே கழற்றினோம். இடது பின் டிரம்மை இழுத்ததும் உள்ளிருந்து எண்ணெயும் லைனர் தூளும் கலந்து கருங்குழம்பாக ஒழுகியது. அது ஒருநாள் ரெண்டு நாள் கசிவு இல்லை. நாள் கணக்காக ஊறியிருக்கிறது. மற்ற மூன்று டிரம்மும் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே இவ்வளவு எண்ணெய் இருந்தால் டயரில் வழிந்திருக்க வேண்டும். குனிந்து டயரின் உள்பக்கத்தைத் தடவினேன். பள்ளத்தில் விழுந்தபோது ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தால், கடையில் வாங்கினது போல் இருந்தது. விரலை முகர்ந்தேன். மண்ணெண்ணெய் வாசம்.

மறுநாள் பரிசோதகர் தங்கையின் வாக்குமூலத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். முன் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தங்கை சுவரோடு ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள், பாப்பாவை என் மனைவி உள்ளே அழைத்துப் போய்விட்டாள். நீண்ட நாள் கசிவு, ஓட்டியவர் கவனித்திருந்தால் கண்ணில் படாமல் போயிருக்காது, அலட்சியம் என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்று அவர் தணிந்த குரலில்தான் சொன்னார். அதுவரை அழுதழுது ஓய்ந்து கிடந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அலட்சியமா? தினம் காலையில டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் அந்த மனுஷன் பல்லே வெளக்குவாரு. நான் சாட்சி. ஒரு சொட்டு எண்ணெ இருந்ததில்ல. எப்படி இருக்கும்? பாப்பா அந்த நிழல்லதான் வெளையாடுவா, கவுனெல்லாம் கறையாகுதுன்னு அவரு எந்திரிக்கறதுக்கு முன்னாடியே நான் மண்ணெண்ணெயத் தொட்டுத் தொடச்சு வச்சிருவேன். அன்னிக்கு பஸ் ஏறறதுக்கு முன்னாடிகூடத் தொடச்சிட்டுத்தான் வந்தேன். தரையிலகூட மண்ணள்ளிப் போட்டு மூடிருவேன். சக்கரம் என் வீட்டுப் பாத்திரம் மாதிரி இருக்கும். அவரப் போயி அலட்சியம்னு எழுதாதீங்க."

பேனா நின்றுவிட்டது. பரிசோதகர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மேலே அவர்கள் பஸ்ஸை நிறுத்தியிருந்த இடம் இடது பக்கம் சரிவு என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கட்டிலில் படுத்தால் உருளுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். ஆக்ஸில் எண்ணெய் முழுக்க அந்தச் சக்கரத்தின் பக்கமே இறங்கி ராத்திரியெல்லாம் கசிந்திருக்கிறது. விடிந்ததும் இவள் துடைத்திருக்கிறாள். துடைத்தபிறகு அவர் பார்த்திருக்கிறார். நான் பார்க்கச் சொன்னது அவரிடம். துடைக்காதே என்று இவளிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. வீட்டைத் துடைக்காதே என்று யார் சொல்லப் போகிறார்கள்?

அவளுக்கு அது தோன்றவில்லை. புருஷனுக்காக வாதாடி முடித்த மூச்சிரைப்போடு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுண்ணா. அவ்வளவு காஞ்சு கெடந்த சக்கரம், ஏன் பிரேக் பிடிக்கல?"

என் கோபத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, வாயில் வந்ததைக் கொட்டிவிடுகிற ஆள். அன்றைக்கும் தொண்டை வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். எங்கள் அப்பாவுக்கு வயசானபிறகு வந்த பெண், இடுப்பில் தூக்கி வளர்த்தவன் நான்.

"நான் போட்ட சீல் சரியில்லம்மா" என்றேன். "கோணலா ஒக்காந்திருக்கு. வெளிய வந்ததெல்லாம் வெறும் பிசுக்கு, எண்ணெ பூரா உள்ளுக்குள்ளயே எறங்கியிருக்கு. வெளிய பாத்தா தெரியாது. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா என்று பரிசோதகர் கேட்டார். எழுதுங்கள் என்றேன். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், பட்டறைக்கு வில்லங்கமாகும் என்றார். எழுதுங்கள் சார் என்றேன். அவர் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது என் தோளில் கை வைத்தார்.

தங்கை எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. "அத்தன தடவ போட்டியே, கையால போட்டியா, காலால போட்டியா?" என்று கேட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அதோடு என்னிடம் பேச்சு நின்றது. போக்கிடம் இல்லாதவள், எங்கள் வீட்டிலேயேதான் இருந்தாள். நான் இருக்கிற அறையில் அவள் இருக்க மாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் என் மனைவியிடம், "அண்ணி, அவர்கிட்டச் சொல்லுங்க" என்பாள். அண்ணன் போய் அவர் ஆனேன். பாப்பா என் மடியில் ஏறினால் கூப்பிட்டு இறக்கிவிடுவாள். பட்டறையையும் கொஞ்ச காலம் பூட்டிவைத்தார்கள். திறந்தபிறகும் பிரேக் வேலைக்கு ஒருத்தரும் என்னிடம் வரவில்லை. லேத்காரர் மட்டும் சின்னச் சின்ன வேலை தள்ளிவிடுவார். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவள் காலையில் எழுந்தாள், குளித்தாள், வாடகைக்கு ஒரு தையல் மிஷின் எடுத்துப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தாள். என்மேல் இருந்த ஆத்திரத்திலாவது ஆள் நடமாடினாள். போதும் என்று இருந்தேன்.

ஆனால் என் மனைவிக்குப் போதவில்லை. உண்மையை அவள் என்னிடமிருந்து நோண்டி நோண்டி எடுத்திருந்தாள். ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் தங்கை அக்கம்பக்கத்துப் பெண்களிடம், எங்கண்ணன் என் தாலியை அறுத்தவன் என்று சொல்லியிருக்கிறாள். என் மனைவி காதில் அது விழுந்துவிட்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், தங்கையை வீட்டுக்குள் இழுத்துவந்து கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். மண்ணெண்ணெய், துணி, சரிவு, எதையும் விடவில்லை. சாயங்காலம் நான் வந்ததும் என் மனைவியே என்னிடம் சொல்லி அழுதாள். நான் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கினேன். இத்தனை வருசத்தில் அதுதான் முதல் தடவை.

அதற்குப்பிறகு தங்கை மிஷினில் உட்காரவில்லை. குளிக்கவில்லை. பாப்பா சாப்பாட்டுக்கு அழுதாலும் அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் வைத்தது அப்படியே இருந்தது. என் மனைவி காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தாள், நான் பேசினது பொய், கோபத்தில் உளறினேன் என்று சத்தியம் செய்தாள். காதிலேயே விழுந்த மாதிரி தெரியவில்லை. எனக்கு அவள் எதிரில் போய் நிற்கப் பயமாக இருந்தது. எங்கே நேருக்கு நேர் கேட்டுவிடுவாளோ என்று பயந்து, சாப்பாட்டைக்கூடப் பட்டறைக்கே கொண்டுவரச் சொன்னேன்.

கடைசியில் அவளே பட்டறைக்கு வந்தாள். வெயில் ஏறிய நேரம். பாப்பாவைக் கையில் பிடித்திருந்தாள். நான் ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தேன். முதலில் அவள் கால்தான் தெரிந்தது. வெளியே வந்து எழுந்து நின்றேன். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"அண்ணி என்னென்னமோ சொல்றாங்க" என்றாள்.

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"அது பொய்தான? நீ போட்ட சீல்தான? கோணலா ஒக்காந்ததுதான?"

"ஆமாம்மா. நான் போட்டதுதான்."

"இவ தலையில கை வச்சுச் சொல்லு."

பாப்பாவை என் பக்கம் தள்ளினாள். கை முழுக்க கிரீஸ். துடைத்துக்கொள்ளத் துணி தேடினேன். அப்படியே வை என்றாள். வைத்தேன். பாப்பா ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தது, மாமா கை கனமாக இருக்கிறது என்றது. பொய்ச்சத்தியம் பலித்துவிடுமோ என்று பயந்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகக்கூடாது, வருகிறது எல்லாம் என் தலையில் விடியட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"சத்தியமா நான்தான்" என்றேன்.

தங்கை வெகுநேரம் என் கண்ணையே பார்த்தாள். அவள் நம்பினாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"பாவி" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு வீட்டில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று என் மனைவி சொன்னாள்.